முதலில் சரக்கு, பிறகு கப்பல்

கேள்வி: ஒரு காலத்தில் வளரும் நாடுகள் பலவற்றுக்குச் சொந்தமாகக் கப்பல் கம்பெனிகள் இருந்தன. இன்று பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன; மிஞ்சியவை பெயருக்கு ஓடுகின்றன. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு டாலரில் கூலி கொடுக்கிறோம். அரசு துணிந்து பெருந்தொகை ஒதுக்கி ஐம்பது கப்பல்களை வாங்கிவிட்டால் இந்தத் தொழில் மீண்டும் தலைதூக்காதா? ஆட்சியாளர்களுக்கு ஏன் இதற்கு மனம் வரவில்லை?

பதில்: தலைதூக்காது. மனம் வந்து, பணம் ஒதுக்கி, கப்பலும் வாங்கி, கொடியேற்றிக் கொண்டாடிய நாடுகள் உண்டு. அந்தக் கப்பல்கள் என்ன ஆயின என்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு நேர்மையாகப் பதில் சொன்னதாக ஆகும்.

கானா 1957இல் விடுதலை அடைந்தது. அதே ஆண்டில், தன் கொடியின் நடுவில் இருக்கும் கறுப்பு நட்சத்திரத்தையே பெயராக வைத்து 'பிளாக் ஸ்டார் லைன்' என்ற கம்பெனியைத் தொடங்கியது. இஸ்ரேலின் சிம் கப்பல் நிறுவனம் கூட்டாளியாகச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொடுத்தது. நைஜீரியாவோ விடுதலைக்கு ஓராண்டு முன்பே, 1959இல், தேசியக் கப்பல் கம்பெனியை நிறுவிவிட்டது. 1970களில் எண்ணெய்ப் பணம் வந்ததும் தென் கொரியாவிலும் யூகோஸ்லாவியாவிலும் புத்தம் புதிய கப்பல்களைக் கட்டச் சொல்லி வாங்கியது. இன்று நீங்கள் கேட்பதை அவர்கள் அன்றைக்கே செய்தார்கள். கடன் ஏறியது. பாக்கிக்காக அயல்நாட்டுத் துறைமுகங்களில் கப்பல்களைப் பிடித்து வைத்தார்கள். நைஜீரியக் கம்பெனி 1995இல் கலைக்கப்பட்டது. கானாவின் கம்பெனியும் அந்தப் பத்தாண்டிலேயே மறைந்தது.

ஊழலும் நிர்வாகக் கேடும்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அவை இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அப்பழுக்கற்ற நிர்வாகம் நடத்தும் கப்பலும் ஒரு பக்கம் பாரத்தோடு போய் மறுபக்கம் வெறுங்கப்பலாகத் திரும்பினால் நஷ்டப்படத்தான் செய்யும். கப்பலுக்கு உயிர் சரக்கு. அந்தச் சரக்கு எந்தக் கப்பலில் ஏறும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? நான் கேட்க விரும்பும் கேள்வி இது ஒன்றுதான்.

இதற்கான விடை ஒப்பந்தத்தில் ஒற்றை வரியில் இருக்கிறது. ஒரு மின்வாரியம் ஐம்பதாயிரம் டன் நிலக்கரி வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். விலைக்கு எதிரே 'சி.ஐ.எஃப்.' என்று எழுதியிருந்தால், பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் அதற்குள் அடக்கம். கப்பலை அமர்த்துபவர் விற்பவர். 'எஃப்.ஓ.பி.' என்று எழுதியிருந்தால், கப்பலில் ஏற்றிக் கொடுப்பதோடு விற்பவரின் பொறுப்பு முடிந்தது. கப்பலை அமர்த்தும் உரிமை வாங்குபவருக்கு. வளரும் நாடுகள் பலவற்றின் பழக்கம் என்ன தெரியுமா? வாங்கும்போது சி.ஐ.எஃப்., விற்கும்போது எஃப்.ஓ.பி. அதாவது வரும் சரக்குக்கும் போகும் சரக்குக்கும் கப்பலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இரண்டு முனையிலும் எதிராளியிடமே கொடுத்துவிடுகிறோம். இந்த நிலையில் ஐம்பது கப்பல்களை வாங்கி நிறுத்தினால் அவற்றுக்கு யார் சரக்குக் கொடுப்பார்கள்?

கொள்முதல் அதிகாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நிலையில் இருந்து பாருங்கள். சி.ஐ.எஃப்.பில் வாங்கினால் கப்பல் தாமதமானாலும் தலைவலி விற்றவருக்கு. தானே கப்பலை அமர்த்தி, அது வந்து சேர்ந்த நாளில் துறைமுகத்தில் இடமில்லாமல் பத்து நாள் நங்கூரமிட்டு நின்றால், நாள் ஒன்றுக்கு இவ்வளவு டாலர் என்று தாமதக் கட்டணம் ஏறும். டெமரேஜ் என்ற அந்த ஒரு சொல் தணிக்கைக் குறிப்பில் வந்துவிட்டால் பதில் எழுதியே அவருடைய பணிக்காலம் கழிந்துவிடும். ஆகவே அவர் பாதுகாப்பான வழியைப் பிடிக்கிறார். இதை மாற்ற வேண்டுமானால் கப்பல் அமர்த்தும் வேலை தெரிந்த இருபது பேரை ஒரே அலுவலகத்தில் உட்கார வைத்து, அரசு நிறுவனங்களின் சரக்கு முழுவதையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இந்தியாவில் அரசுச் சரக்குக்கு இப்படி ஓர் ஏற்பாடு பல பத்தாண்டுகள் இருந்தது. 1980களின் இறுதியில் அந்நாட்டின் கடல்கடந்த வணிகத்தில் சுமார் 40 சதவீதம் சொந்தக் கப்பல்களில் போயிற்று. பிறகு வணிகம் பல மடங்கு பெருத்தது. கப்பல்களும் சரக்கு ஏற்பாடும் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. அந்தப் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான காட்சியை வங்கதேசத்தில் காணலாம். 1990களிலோ அதற்கு முன்போ அல்ல, நம் கண் முன்னே நடந்தது. சிமென்ட் ஆலைகளுக்கு அரைத்துச் சிமென்டாக்கும் கிளிங்கர், இரும்பாலைகளுக்குப் பழைய இரும்பு, மாவு ஆலைகளுக்குக் கோதுமை என்று ஆண்டு முழுவதும் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்துகொண்டிருந்த தொழில் குழுமங்கள், அடுத்தவர் கப்பலுக்குக் கூலி கொடுப்பதைவிட நாமே வாங்கினால் என்ன என்று இறங்கின. கப்பல் இறக்குமதிக்கான வரியில் அரசு சலுகை தந்தது. 2019இல் நாட்டின் கடல் சரக்கில் பாதியைத் தேசியக் கொடிக் கப்பல்களுக்கு ஒதுக்கச் சட்டமும் போட்டது. 2024 வாக்கில் வங்கதேசக் கொடியோடு கடலோடும் கப்பல்கள் சுமார் நூறு. பெரும்பாலானவை ஐம்பதாயிரம், அறுபதாயிரம் டன் சுமக்கும் மொத்தச் சரக்குக் கப்பல்கள். பழையதாக வாங்கியவை பல. பளபளப்பு இல்லைதான். ஆனால் சரக்கு யாருடையதோ அவருடையதே கப்பல் என்பதால் முதல் பயணத்துக்குச் சரக்குத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

சட்டம் போட்டுச் சரக்கை ஒதுக்கிவிட்டால் போதுமே என்று அடுத்து எழுதுவீர்கள். அதையும் உலகம் முயன்று பார்த்துவிட்டது. 1974இல் ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பு ஒரு விதித்தொகுப்பை உருவாக்கியது. இரு நாடுகளுக்கு இடையிலான சரக்கில் ஆளுக்கு 40 சதவீதம், மூன்றாம் நாட்டுக் கப்பல்களுக்கு 20 சதவீதம் என்பது அதன் சாரம். நடைமுறைக்கு வர 1983 ஆகிவிட்டது. அதற்குள் கன்டெய்னர் வந்து தொழிலின் முகமே மாறியிருந்தது. மேலும் அந்த விதி, கால அட்டவணைப்படி ஓடும் லைனர் கப்பல்களுக்கு மட்டுமே. எடையில் பெரும்பகுதியான எண்ணெயும் நிலக்கரியும் தாதுவும் தானியமும் அதன் வலையில் விழவே இல்லை.

எத்தியோப்பியாவைப் பாருங்கள். 1993இல் எரித்திரியா பிரிந்ததும் கடற்கரையே இல்லாமல் போன நாடு அது. ஆனால் 1964இல் தொடங்கிய அதன் கப்பல் கம்பெனி இன்றும் உயிரோடு இருக்கிறது, ஜிபூட்டித் துறைமுகத்தை நம்பி. காரணம், இறக்குமதியைத் தேசியக் கம்பெனியின் வழியாகவே கொண்டுவரச் செய்த விதி. கடல் இல்லாமலும் கப்பல் கம்பெனி பிழைக்கும், சரக்கு கையில் இருந்தால். ஆனால் ஏகபோகத்துக்கு வணிகர்கள் கொடுத்த விலையும் உண்டு: ஜிபூட்டியில் கன்டெய்னர்கள் தேங்கிய காலத்தில் வேறு வழி தேட அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே எல்லாச் சரக்கையும் கட்டிப்போடுவதை நான் ஆதரிக்கவில்லை. அரசே வாங்கும் நிலக்கரி, கச்சா எண்ணெய், உரம், தானியம் ஆகியவற்றுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஒப்பந்தம், அதுவும் போட்டி விலையில். இது போதும். அந்தக் காகிதத்தை வங்கியில் காட்டிக் கடன் வாங்கலாம்.

அடுத்தது கடன். மூன்று கோடி டாலருக்கு ஒரு கப்பல் வாங்குவதாகக் கணக்கிடுங்கள். உங்கள் போட்டியாளருக்கு 5 சதவீத வட்டி. உங்களுக்கு உள்நாட்டு வங்கியில் 11 சதவீதம். வித்தியாசம் ஆண்டுக்கு 18 லட்சம் டாலர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 டாலர். இதே அளவுள்ள கப்பலின் நாள் வாடகை மந்தமான ஆண்டுகளில் பத்தாயிரம் டாலரைச் சுற்றியே இருக்கும். பாதியை வட்டி வித்தியாசமே தின்றுவிடும் என்றால் எவ்வளவு நல்ல மாலுமி ஓட்டினாலும் கரை சேர முடியாது. லாபத்தைப் பார்க்காமல் கப்பலின் டன் அளவைக் கணக்கிட்டு நிலையான வரி கட்டும் முறையைப் பல நாடுகள் கொண்டுவந்துவிட்டன. இந்தியாவிலும் அது 2004இல் வந்தது. அது தேவைதான். ஆனால் லாபம் வந்தால்தானே வரிச் சலுகையால் பயன்? வட்டியைச் சரிசெய்யாமல் வரியைப் பற்றியே பேசும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

வாங்கும் நேரமும் முக்கியம். மொத்தச் சரக்குக் கூலியை அளக்கும் பால்டிக் குறியீடு 2008 மே மாதத்தில் 11,793. அதே ஆண்டு டிசம்பரில் 663. ஏழே மாதங்கள்! கூலி உச்சத்தில் இருக்கும்போதுதான் அமைச்சரவைக்குக் கப்பல் ஆசை வரும். கப்பல் விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். விழுந்து கிடக்கும் காலத்தில் வாங்கும் துணிவு வேண்டும். தென் கொரியாவின் ஹன்ஜின் கப்பல் நிறுவனம் 2016 ஆகஸ்டு இறுதியில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டபோது, சுமார் 1,400 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கோடு அதன் கப்பல்கள் துறைமுகங்களுக்கு வெளியே நின்றன. அந்த அவமானத்துக்குப் பிறகும் கொரியா பின்வாங்கவில்லை. 2018இல் கடல் தொழிலுக்கென்று தனி நிதி நிறுவனம் அமைத்தது. அந்நாட்டின் மற்றொரு கப்பல் நிறுவனமான எச்.எம்.எம். அதே ஆண்டில் இருபது பெரும் கன்டெய்னர் கப்பல்களுக்கு ஆணை கொடுத்தது. அவை வந்து சேரத் தொடங்கியது 2020இல். கூலி விண்ணுக்கு ஏறிய காலம். அதிர்ஷ்டமும் கைகொடுத்தது, உண்மை. மந்தத்தில் வாங்கி வைத்திருந்ததால் அதிர்ஷ்டத்துக்கு வந்து உட்கார இடம் இருந்தது.

தாக்குப்பிடிக்கும் பணம் ஏன் வேண்டும் என்பது தமிழ் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போய், கடைசியில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தது. 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. புதிதாக வருபவனைக் கூலியை இறக்கி முடிப்பது இந்தத் தொழிலின் பழைய ஆயுதம். இன்றும் அது துருப்பிடிக்கவில்லை.

கொடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலின் பின்புறத்தில் 'மொன்ரோவியா' என்று எழுதியிருந்தால் அது லைபீரியாவின் பதிவு என்று மட்டுமே பொருள். உரிமையாளர் கிரேக்கராக இருக்கலாம், மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்களாக இருக்கலாம். கடலே இல்லாத மங்கோலியாகூடக் கப்பல்களைப் பதிவு செய்கிறது. பதிவுக் கட்டணம் வரும், தொழில் வராது. அயல்நாட்டார் கப்பல்களுக்குக் கொடி கொடுக்கும் அந்த வழியைச் சிலர் பரிந்துரைப்பதால் இதைச் சொன்னேன்.

ஆட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் கடல்சார் படிப்பை முடித்த ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். பிளாஸ்டிக் உறையில் பத்துப் பன்னிரண்டு சான்றிதழ்கள்: தீயணைப்பு, முதலுதவி, உயிர்காக்கும் படகு. எல்லாவற்றிலும் முத்திரை. அவற்றின் அடியிலிருந்து கடற்பணிப் பயிற்சிப் பதிவேட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் அவருடைய புகைப்படம். மற்ற பக்கங்கள் அத்தனையும் வெறுமை. கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரிக்கான தேர்வு எழுத வேண்டுமானால் அங்கீகரித்த பயிற்சியோடு குறைந்தது பன்னிரண்டு மாதம் கப்பலில் பணி செய்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அவரைக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, ஏற்றிக்கொள்ளக் கப்பல் இல்லை. இடம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகருக்கு வீட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்திருந்தார் அவருடைய தந்தை. பணம் போயிற்று, கப்பல் வரவில்லை. பிலிப்பைன்ஸ் மாலுமிகள் ஆண்டுக்கு 600 கோடி டாலருக்கும் மேல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று மேடையில் புள்ளிவிவரம் சொல்பவர்கள் இந்த வெற்றுப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கல்லூரிகளைத் திறந்துகொண்டே போகிறோம். கப்பலில் கட்டில் எத்தனை என்று எண்ணுவதில்லை.

ஆகவே ஐம்பது வேண்டாம். அரசின் நிலக்கரிக்கும் தானியத்துக்கும் நீண்ட கால ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, அந்த ஒப்பந்தத்தை ஈடாக வைத்து, சந்தை விழுந்து கிடக்கும் ஆண்டில், நல்ல நிலையில் உள்ள ஐந்து பழைய கப்பல்களை வாங்கட்டும். ஒவ்வொன்றிலும் ஆறு கேடட்டுகளுக்கு அறை ஒதுக்கட்டும். அந்த இளைஞரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது.