வேலைக்கு ஆள் சேர்க்கும்போது...

கேள்வி: எங்கள் டீ ஃபேக்டரியில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்களிடம் மட்டும் ஆதார் வாங்குகிறோம். உள்ளூர்க்காரர்களை யாராவது சொன்னால் சேர்த்துக்கொள்கிறோம். ஆதார் போலியா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், குன்னூர்

பதில்: உள்ளூர்க்காரருக்கு ஒரு முறை, வெளிமாநிலத்தவருக்கு ஒரு முறை என்று வைக்காதீர்கள். இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம். பேசும் மொழியை வைத்து ஒருவரின் குடியுரிமையைச் சந்தேகிக்க முடியாது. ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, எல்லாரிடமும் ஒரே பட்டியலைக் கொடுங்கள்: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்று. எது என்பதை வருகிறவர் முடிவு செய்யட்டும்.

லேமினேட் செய்த ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண ஸ்கேனரில் வெறும் எண்களாக நீளும். அதைப் பார்த்துப் போலி என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். செயலியில் வரும் பெயர், பிறந்த தேதி அட்டையோடு ஒத்துப்போகிறதா, படம் எதிரில் நிற்பவருடையதுதானா என்று பாருங்கள். அட்டை அசலாக இருந்து, ஆள் வேறாக இருப்பதும் உண்டு. பழைய அட்டைகளின் குறியீட்டில் படம் இருக்காது. அப்போது புது இ-ஆதாரைப் பதிவிறக்கித் தரச் சொல்லலாம். அதற்கு ஓடிபி வேண்டும். போன் நம்பர் இணைக்காதவர் என்றால் வாக்காளர் அட்டையே போதும்.

கோப்பில் வைக்க, முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரை வாங்குங்கள். முழு எண் பி.எஃப். பதிவுக்குத்தான் வேண்டும்.

பிறந்த தேதி 01/01 என்றிருந்தால் பதற வேண்டாம். பந்தலூர்ப் பக்கம் பணியர், குறும்பர் பெரியவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. வயதைச் சொல்லிப் பதிந்தால் தேதி இப்படித்தான் விழும். ஆனால் 18 வயதுக்குக் கீழே இருப்பாரோ என்று தோன்றும் பையனுக்கு ஆதாரை நம்பாதீர்கள். பிறப்புச் சான்றோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ கேளுங்கள். பி.எஃப். நிறுவனமே 2024 ஜனவரியில் ஆதாரைப் பிறந்த தேதிச் சான்றுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

பெயர்க் குழப்பம் நம் ஊர் ஆட்களிடம்தான் அதிகம். ஆதாரில் 'முருகன் செ', பான் அட்டையில் 'செல்வம் முருகன்' என்றிருக்கும். இது மோசடி இல்லை, இன்ஷியலை விரித்த வினை. ஆனால் பி.எஃப். பதிவு இதில் நின்றுவிடும். சேரும்போதே சொல்லி, திருத்த அவகாசம் கொடுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் ஹோம்ஸ்டேயில் நேபாளச் சமையல்காரர். ஆதார் இல்லை. வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. 1950 இந்திய-நேபாள ஒப்பந்தத்தின்படி அவருக்கு விசாவும் வேண்டாம், வேலை அனுமதியும் வேண்டாம். நேபாளப் பாஸ்போர்ட்டோ அங்கத்திய குடியுரிமைச் சான்றோ பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்த ஐரோப்பியரைச் சம்பளத்துக்கு வைப்பதுதான் தவறு.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினரிடம் முகாம் அட்டை (இலங்கை அகதிகள் முகாமில் தரும் அடையாள அட்டை) கேட்க வேண்டுமா என்று கோத்தகிரியிலிருந்து இன்னொருவரும் கேட்டிருக்கிறார். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடியுரிமை பெற்றுத் தாயகம் திரும்பிய குடும்பத்தினர் இந்தியக் குடிமக்கள். அவர்களிடம் முகாம் அட்டை கேட்பது அபத்தம்.

கேள்வி: அசல் ஆதாரை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்.
- தொழிலாளி, கூடலூர்

பதில்: அவருக்கு அந்த உரிமை இல்லை. ஆவணத்தைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்திலோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலோ எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இ-ஆதார் அசலுக்குச் சமம். அதுவரை அதைக் காட்டலாம்.