யோசனையா, விற்பனையா?

கேள்வி: கணவர் இறந்தபின் வந்த பணம் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. வங்கியிலிருந்து பாலிசி போடச் சொல்லி தினமும் போன். அண்ணனோ மனை வாங்கு என்கிறார். யாரிடம் கேட்பது? – வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாலிசி விற்றால் அவர்களுக்குக் கமிஷன், அதுதான் இத்தனை போனுக்கும் காரணம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகரைப் பாருங்கள், அவர் உங்களிடம்தான் கட்டணம் வாங்குவார், பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், செபி இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஏ.ஆர்.என். எண் காட்டினால் அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், அதாவது கமிஷன்காரர். ஆலோசகரே ஆனாலும் முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதுவரை குறுகிய கால எஃப்.டி. போதும், வங்கி மூழ்கினால் ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு என்பதால் வெவ்வேறு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். அண்ணனிடம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லிவையுங்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.