பேருந்து நிலையத்துக்கு எந்தக் குப்பைத்தொட்டி?

வணக்கம். கையால் தள்ளினால் ஆடித் திறக்கும் ஊஞ்சல் மூடித் தொட்டிகள் பாதி காலியாக நிற்க, டீ கப்புகள் தரையில் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். மூடிதான் காரணம். ஒரு கையில் பை, மறு கையில் குழந்தை. அந்தப் பிசுபிசுத்த மூடியை யார் தொடுவார்கள்? மேலே மழைக்குக் கூரை, பக்கவாட்டில் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்த வாய் உள்ளதாகப் பாருங்கள். கப்புக்கு எடை இல்லை, இடத்தைத்தான் அடைக்கும். அதனால் மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என ஒவ்வொன்றும் 60 லிட்டராவது இருக்கட்டும்.

அப்புறம், பக்கக் கதவும் உள்ளே தனி வாளியும் கட்டாயம். டீ மிச்சம் ஊறிய குப்பையைத் தொட்டியோடு தூக்கிக் கவிழ்த்தால் தூய்மைப் பணியாளர் இடுப்பு என்ன ஆவது? தூணோரம் ஒதுக்காமல் டீக்கடைக்குப் பத்தடிக்குள் வையுங்கள், தரையோடு போல்ட் போட்டு.