ஒரே ஓர் ஆட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்துக் கால்பந்து வீரர் போனியெக் குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். போலந்துக்காக 80 ஆட்டங்கள் ஆடியவர், 2002-ல் தேசிய அணியின் பயிற்சியாளராக ஐந்து ஆட்டங்களோடு விலகிவிட்டார். காசிமியேஷ் கூர்ஸ்கியோ நாட்டுக்காக ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதிலும் 8-0 என்று படுதோல்வி. ஆனால் 1974 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றுத் தந்தவர் அவர். சுமாரான ஆட்டக்காரர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்பது சரிதானா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

கேட்க நன்றாக இருக்கும் சூத்திரம்தான். ஆனால் கூர்ஸ்கி சுமாரான ஆட்டக்காரர் என்று யார் சொன்னது? அவர் 1921-ல் பிறந்த ஊர் லுவோவ், இன்றைய உக்ரைனின் லிவிவ். பதினெட்டு வயதில் போர் வந்தது. ஊர் முதலில் சோவியத்திடம் போனது, பிறகு ஜெர்மானியரிடம், மறுபடியும் சோவியத்திடம். ஒரு முன்கள வீரனின் நல்ல காலம் அதிலேயே கழிந்தது. வார்சாவுக்கு வந்து லெகியா அணியில் சேர்ந்து, 1948-ல் கோபன்ஹேகனில் டென்மார்க்குக்கு எதிராக அவர் களமிறங்கியபோது வயது 27. முதல் பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். எட்டு கோலையும் அவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

சரி, பயிற்சியாளராக எப்படி வென்றார்? 1970-ல் தேசிய அணி கைக்கு வரும் முன் பல ஆண்டுகள் நாட்டின் இளையோர் அணிகளை நடத்தியவர். யாரிடம் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை: அன்றைய கம்யூனிஸ்ட் அரசு நல்ல வயதிலிருந்த வீரர்களை வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. லெகியா இராணுவத்தின் அணி. தேசிய அணி வீரர் லாத்தோ ஆடிய ஸ்டால் மியெலெட்ஸ் ஒரு விமானத் தொழிற்சாலையின் அணி. வீரர்களுக்கு அது கூண்டு. பயிற்சியாளருக்கோ எல்லோரும் கூப்பிடு தூரத்தில். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வந்தது. இறுதியில் ஹங்கேரிக்கு எதிரான இரண்டு கோல்களும் நடுக்கள வீரர் தெய்னாவுடையவை.

அவருடைய திறமையை நான் அளப்பது 1973 ஜூனை வைத்து. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், போலந்தின் ஹோசூஃபில் இங்கிலாந்தை 2-0 என்று வென்ற அதே ஆட்டத்தில், அணியின் தலைவனும் முதன்மை கோல் வீரனுமான லுபான்ஸ்கி காலில் அடிபட்டு வீழ்ந்தார். அப்படிப்பட்டவரை இழந்தால் பல அணிகள் அங்கேயே முடிந்துபோகும். கூர்ஸ்கி அவருக்கு ஒரு நகலைத் தேடவில்லை. தலைமை தெய்னாவுக்குப் போனது, கோல் அடிக்கும் பொறுப்பு பலருக்குப் பரவியது. அக்டோபரில் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் லாத்தோ பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிக் கொடுக்க, தொமார்ஸ்கி அடித்தார். மற்றதைக் கோல்காப்பாளர் தொமாஷெவ்ஸ்கி பார்த்துக்கொண்டார். 1-1, இங்கிலாந்து வெளியேறியது. தொமாஷெவ்ஸ்கியைக் கோமாளி என்று தொலைக்காட்சியில் கிண்டலடித்த ஆங்கிலேயப் பயிற்சியாளர் பிரையன் கிளஃப்பின் முகத்தை அன்றிரவு பார்த்திருக்க வேண்டும்! அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் ஏழு கோல்களோடு முதலிடம் பிடித்த லாத்தோ ஓரக்கள ஆட்டக்காரர். மழையில் ஊறிய ஃபிராங்க்ஃபர்ட் மைதானத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 1-0 என்று தோற்றார்கள்; அதில் வென்றிருந்தால் இறுதிக்கே போயிருப்பார்கள்.

போனியெக்கின் பாதை வேறு. ஆட்டத்தை விட்ட சில ஆண்டுகளிலேயே இத்தாலிய கிளப்புகளின் பொறுப்பை ஏற்றார். பெரிதாக எதுவும் அமையவில்லை. தேசிய அணியிலோ வார்சாவில் லாட்வியாவிடம் 0-1 என்று தோற்று, ஆண்டு முடியும் முன்பே விலகினார். அவர் பெரிய ஆட்டக்காரராக இருந்ததுதான் காரணம் என்றால் ஆடம் நவாவ்காவை எங்கே வைப்பீர்கள்? இருபது வயதில் 1978 உலகக் கோப்பையில் ஆடியவர், 2016 யூரோ எனும் ஐரோப்பியக் கோப்பையில் பயிற்சியாளராகப் போலந்தைக் காலிறுதி வரை கொண்டுபோனார்.

கூர்ஸ்கி 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். அது போதவில்லை என்று ஊரில் முணுமுணுப்பு, விலகிவிட்டார். பிறகு கிரீஸுக்குப் போய், ஏதென்ஸ் பக்கத்தின் பரம வைரிகளான பனாதினைக்கோஸ், ஒலிம்பியாக்கோஸ் இரண்டுக்குமே லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இரு தரப்பு ரசிகர்களும் அதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.