டிரம்ஸ் பாவம் என்று அவர் சொல்லவில்லை

ஆராதனையில் டிரம்ஸ் வாசிப்பது பாவமா, டிரம்ஸை விற்றுவிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, விற்கத் தேவையில்லை. மட்டக்களப்பு கல்லடி வாலிபர் கூட்டத்தில் நீங்கள் படித்த கட்டுரையை எழுதியவர், மிசூரி சினட் என்ற அமெரிக்கப் பழமைவாத லூத்தரன் சபையின் போதகர். அவர், பாண்டும் மேடை விளக்கும் ஆராதனையைக் கச்சேரியாக்குகின்றன என்கிறார், அவ்வளவுதான்.

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. கடவுள் கட்டளையிடாததும் தடுக்காததுமான காரியங்கள் என்று பழமைவாத லூத்தரர்களுக்கு ஒரு தனி வகை உண்டு. அவர்களுடைய விசுவாச அறிக்கைகளில் ஒன்றான 1577இன் ஃபார்முலா ஆஃப் கன்கார்டில் 10ஆம் பிரிவு முழுக்க அதுதான். அவர்களுடைய அடிப்படை அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையும், நற்செய்தியிலும் சாக்கிரமெந்துகளிலும் (ஞானஸ்நானம், நற்கருணை போன்றவை) ஒத்திருந்தால் போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்கிறது. அப்படியென்றால் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறார்? அனுமதி உள்ளதெல்லாம் தகுதியானதல்ல (1 கொரிந்தியர் 10:23), பாட்டு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும், உணர்ச்சியை மட்டும் கிளறக்கூடாது என்பது அந்தத் தரப்பின் வாதம். லூத்தரும் 1520களில் மக்கள் மொழியில் புதுப் பாட்டு எழுதியவர்தான்.

மறுபடி வாசிக்கும்போது பாருங்கள்: கண்டிக்கிற இடத்தில் வசனத்தைக் கட்டளையாகக் காட்டுகிறாரா, இல்லை "பயன் தராது" என்று நிறுத்துகிறாரா? இரண்டாவது என்றால் அது அவருடைய ஆலோசனை, நீங்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஆனால் வேற்றுச் சபையாருக்கு நற்கருணை கொடுக்காததை அவர்கள் இந்த வகையில் சேர்ப்பதில்லை, அது அவர்களுக்கு உபதேசம். அப்புறம், 1814இல் மட்டக்களப்புக்கு வந்தது வெஸ்லியன் மிஷன், அதாவது மெதடிஸ்ட் மிஷன். உங்கள் சபை மெதடிஸ்ட் என்றால் லூத்தரன் ஒழுங்கை அப்படியே ஒட்டாமல் உங்கள் போதகரிடம் கேளுங்கள்.