ஒரே நாளில் தோபா ஏரி, மலை, கிராமம்: 180 வெள்ளிக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: ஐயா, எங்கள் பழைய தோட்டத்துப் பெண்கள் 14 பேர் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போகிறோம். அன்னை வேளாங்கண்ணி ஆலயம், மாரியம்மன் கோவில் இரண்டையும் முதல் நாள் பார்த்துவிடுவோம். மறுநாள் வழிகாட்டியோடு ஒரு நாள் சுற்றுலா, ஆளுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). காலையில் கிளம்பி பெராஸ்தாகி மலை, சிபிசோ-பிசோ அருவி, தோபா ஏரி, படகில் சமோசிர் தீவு, பத்தாக் கிராமம், இரவு மேடான் திரும்புவது என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். ஆளுக்கு 50 வெள்ளி முன்பணம் கேட்கிறார்கள். எங்களில் பாதிப் பேர் 60ஐத் தாண்டியவர்கள், மூட்டுவலி வேறு. விலை நியாயமா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: 180 வெள்ளியைப் பிறகு பார்ப்போம் அம்மா. அந்தப் பட்டியலில் ஐந்து இடம் இருக்கிறது. ஒரு இடத்துக்காவது மணி போட்டிருக்கிறார்களா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மேடானிலிருந்து பெராஸ்தாகி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலைக் கணக்கு அங்கே செல்லாது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் காய்கறி லாரிகளை வரிசையாக விடுங்கள். இரண்டரை மணி நேரம் போய்விடும். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரை. பழச்சந்தையில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து அருவிக்கு ஒரு மணி நேரம். அருவி, மதியச் சாப்பாடு முடிய பகல் ஒரு மணி ஆகிவிடும். ஏரியின் விளிம்பை ஒட்டிய மலைப்பாதையில், படகு கிளம்பும் கரையோர ஊரான பராபாட் சேர மூன்றரை. படகுக்குக் காத்திருந்து, தீவுக்குப் போக முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி, தீவில் ஒரு மணி நேரம் என்றால் ஆறரை. பராபாட்டிலிருந்து சியாந்தார் வழியாக மேடானுக்கு நான்கு மணி நேரம். இரவுச் சாப்பாட்டையும் சேர்த்தால் பதினொன்று.

ஆக 16 மணி நேரம். அதில் பத்து மணி நேரம் வேனுக்குள். எந்த இடத்திலும் சாலை அடைத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் வாந்தி வரவில்லை, 14 பெண்களும் கழிப்பறைக்கு ஒரே நேரத்தில் போய் வந்தார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரிப் பட்டியலை நம்பி நானும் போனேன். பராபாட் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஓட்டுநர் வேனை ஓரம் கட்டி, “இதோ, தோபா” என்றார். கண்ணாடிக்கு வெளியே கறுப்பாக ஒரு பரப்பு, நடுவில் ஒற்றைப் படகு விளக்கு. பட்டியலில் எழுதியிருந்தது “தோபா ஏரி”. காட்டிவிட்டார்கள், என்ன சண்டை போடுவது?

உங்களுக்கு நான் சொல்வது, சமோசிரை வெட்டிவிடுங்கள். தோபாவைப் பார்க்க பராபாட் வரை போகத்தான் வேண்டும் என்பதில்லை. சிபிசோ-பிசோவின் மேல்முகப்பில் நின்றாலே ஏரியின் வடகோடி கீழே விரிந்து கிடக்கும். அருவி 120 மீட்டர், ஒல்லியாக நேராக இறங்கும். ‘பிசோ’ என்றால் கத்தி, நம் மலாய் ‘பீசாவ்’தான். அடிவாரம் வரை படிகள் உண்டு, ஆனால் மூட்டுவலிக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம். இறங்கிய படியெல்லாம் ஏற வேண்டும். கிராமத்துக்கு, அதே வழியில் இருக்கும் டோக்கான் போதும். பத்தாக் இனத்தில் ஒரு பிரிவான காரோ மக்களின் பழைய வீடுகள், கறுத்த நார்க்கூரையோடு இன்னும் நிற்கின்றன. ஒரே கூரையின் கீழ் எட்டுக் குடும்பம் வரை வாழ்ந்த வீடுகள். நம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வழிகாட்டியே வேண்டாம். இப்படிப் போனால் பொழுது சாய மேடான் திரும்பிவிடலாம். தீவையும் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பராபாட்டிலோ தீவிலோ ஓர் இரவு தங்குங்கள். அந்த ஏரி 100 கிலோமீட்டர் நீளம், நடுவிலுள்ள தீவே பெரிது. ஏரி இருக்கும் அதே இடத்தில் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் இங்கே நம் பேராக்கின் லெங்கோங், கோத்தா தம்பானில்கூடக் கிடக்கிறது. அதைப் போய் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட முடியுமா?

படகு ஏறுவதானால், ஆளுக்கொரு மிதவைச் சட்டை கையில் வந்த பிறகு ஏறுங்கள். 2018 ஜூன் 18 அன்று அதே ஏரியில் சினார் பாங்குன் என்ற படகு அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக் கவிழ்ந்தது. 160 பேருக்கு மேல் காணாமற்போனார்கள். கூட்டம் நெரிந்தால் அடுத்த படகு வரட்டும் என்று நில்லுங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் நில்லுங்கள்.

இனி பணம். 180 வெள்ளிக்குள் சாப்பாடு, நுழைவுக் கட்டணம், படகு, வழிகாட்டிக்குக் கொடுக்கும் அன்பளிப்பு எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சாப்பாட்டில் இன்னொன்று: பாடாங் கடை என்றால் உட்கார்ந்ததும் தட்டுகளை வரிசையாக அடுக்கிவிடுவார்கள், சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. அதில் ரெண்டாங் பெரும்பாலும் மாடு. மலைப்பக்கம் ‘பி.பி.கே.’ என்று பலகை பார்த்தால் அது பன்றி வறுவல் கடை. சைவம் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன், விற்பவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா, அது வெளிநாட்டுப் பயணம் விற்கும் வகை உரிமமா என்று பாருங்கள். எண் கேட்டால் உடனே தர வேண்டும். “நம்ம ஆளுதான், நம்பலாம்” என்பது உரிம எண் ஆகாது. டுயிட்நா வழியாக (கைப்பேசியில் பணம் அனுப்பும் முறை) பணம் போடும்போது வரும் பெயர் நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும். தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். மோசடிக் கணக்கா என்று தெரிந்துகொள்ள, கணக்கு எண்ணைப் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டும் பார்க்கலாம், பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை.

கேள்வி: இதே மாதிரி ஒரு நாள் சுற்றுலாவுக்குப் போன ஆண்டு நாங்கள் ஆறு பேர் முழுப்பணம் கட்டினோம். ஆள் சேரவில்லை என்று ஏஜெண்டே ரத்து செய்துவிட்டார். பணம் திரும்பாது, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். ரசீதின் அடியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ரத்து செய்தது நீங்கள் அல்ல, அவர். ரசீதின் அடியில் எதை அச்சடித்தாலும் அது சட்டமாகிவிடாது; நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றி 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் ஒரு பகுதியே சேர்த்திருக்கிறார்கள். முதலில் 14 நாள் கெடு வைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி கடிதம் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், நீல டிக் வந்ததும் படம் பிடித்து வையுங்கள்.

அசையவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுவுக்கு 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். சுற்றுலா இந்தோனேசியாவில் என்பதற்காகத் தயங்க வேண்டாம். பணம் கை மாறியது இங்கே, வாங்கியவரும் இங்கே. ஆறு பேர் சார்பில் ஒருவர் போடுவதைவிட, பணம் யார் பெயரில் போனதோ அவரவர் போடுவது சிக்கலில்லாதது. தீர்ப்பு வந்து 14 நாளில் அவர் கட்டவில்லை என்றால் அது குற்றமாகும். இதை அவரிடம் இப்போதே சொல்லிப் பாருங்கள். பல பேருக்கு மனு போடும் முன்பே பணம் வந்திருக்கிறது.

கேள்வி: வழிகாட்டி வழியில் கடைகளுக்குக் கூட்டிப் போய் நிறுத்துகிறாரே, இறங்க மாட்டேன் என்று சொல்லலாமா? – அதே ஊரிலிருந்து இன்னொருவர்

பதில்: தாராளமாக. ஆனால் வேன் உங்களுக்காகக் கிளம்பாது, அதுதான் பிரச்சினை. நான் போன அன்று பீக்கா அம்போன் கேக் கடையில் 50 நிமிடம், அருவியில் 20 நிமிடம். கேக் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, இரண்டு பெட்டி வாங்கினேன். பதிவு செய்யும்போதே “எத்தனை கடை, ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம்” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.