ஊதுவதும் துப்புவதும்

ஐயா, வணக்கம்.

நாங்கள் தண்டையார்பேட்டைக்காரர்கள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது ஒரே பாய் கடையில்தான். அப்பா போய் நின்றாலே நெஞ்செலும்பை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிடுவார். மூன்று மாதமாக அப்பா அந்தப் பக்கம் போவதில்லை. கூட வேலை பார்த்தவர்களின் வாட்ஸப் குழுவில் வந்த ஒரு வீடியோதான் காரணம். தொப்பி போட்ட ஒருவர் சோற்று அண்டாவில் துப்புகிறார் என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. அது பொய் என்று விளக்கும் கட்டுரைகளை நான்கு முறை அனுப்பிவிட்டேன். "நெருப்பில்லாம பொகையுமாடா?" என்கிறார். போன வாரம் நான் மட்டும் கடைக்குப் போனேன். "நைனாவக் காணோமே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பாய் கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பினேன். படித்தவர்களே இப்படி இருந்தால் என்ன செய்வது? "அவங்க மட்டும் பொரளி கிளப்பலியா?" என்று அப்பா கேட்பதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மாதிரி வீடியோக்கள் எனக்கும் வந்திருக்கின்றன. அவற்றில் பல, ஓதி ஊதுவதைப் படம் பிடித்தவை. குர்ஆன் வசனத்தை ஓதி, உணவின் மேலோ தண்ணீரின் மேலோ மெல்ல ஊதுவது ஒரு பழைய வழக்கம். சத்தத்தை எடுத்துவிட்டு, மேலே 'துப்புகிறார்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். கண் அதைத்தான் பார்க்கும்.

இதை வடசென்னைக்காரர்களிடம் போய் விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சின்ன வயதில் நான் தூக்கத்தில் அலறிக்கொண்டு எழுவேனாம். அந்தி நேர மக்ரிப் தொழுகை முடியும் நேரம் பார்த்து அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மண்ணடியில் ஒரு பள்ளிவாசல் வாசலில் போய் நிற்பாள். ஏற்கெனவே அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் நிற்பார்கள். நெற்றியில் குங்குமம், தலையில் கதம்பம், இடுப்பில் பிள்ளை, கையில் தண்ணீர்ச் சொம்பு. தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பிள்ளையின் நெற்றியிலும் சொம்பிலும் ஊதிவிட்டுப் போவார்கள். ஒருவர் மூச்சில் பீடி வாசனை, அடுத்தவர் தாடியில் அத்தர். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரில் ஒரு வாய் எனக்கு. மிச்சத்தை வாசலில் தெளிப்பாள். மறுநாளே காளிகாம்பாள் கோயிலுக்கும் கூட்டிப்போவாள், ஒரு வழி அடைத்தாலும் இன்னொரு வழி திறந்திருக்கட்டும் என்று. மந்திரிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அந்தச் சொம்புத் தண்ணீரை எச்சில் என்று எங்கள் தெருவில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் அப்பாவைச் சிறுவயதில் எங்கே மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நெருப்பு இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரொட்டி சுடும்போது துப்பினார் என்று 2021இல் மீரட்டில் ஒருவர் கைது செய்யப்பட்டார். இதை மறைத்துப் பேசினால் அப்பா நம்மை நம்பமாட்டார், நம்பவும் கூடாது. மீரட் இங்கிருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே எழுந்த புகைக்கு இங்கே கறிக்கடை பாய் எப்படி அடுப்பாவார்?

2020இல் டெல்லியில் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமியப் பிரசார இயக்கம் நடத்திய கூட்டத்துக்குப் போய்வந்தவர்களிடையே கொரோனா பரவியது உண்மை. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வீடியோ வந்ததே, ஞாபகமிருக்கிறதா? தொற்றைப் பரப்பத் தட்டுகளையும் கரண்டிகளையும் நக்குகிறார்கள் என்று. அது பழைய வீடியோ. ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது என்று தட்டை வழித்துச் சாப்பிடுவது தாவூதி போரா முஸ்லிம்களின் வழக்கம். அந்த ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் கூட்டத்துக்கு வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொன்னது. அதற்கு முன்பே மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியபோது தக்காளிக்கு மதம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவின் இன்னொரு கேள்வி நியாயமானது. ஆமாம், அந்தப் பக்கமும் புரளி கிளம்பும். 2020 பிப்ரவரி 14 இரவு வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்தவர்கள் மீது தடியடி நடந்தது. கொஞ்ச நேரத்தில், அடிபட்டு ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று செய்தி பறந்தது. அவர் உடல்நலக் குறைவால் இறந்தவர் என்று காவல்துறை மறுப்பு சொல்வதற்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது. தடியடி நிஜம், அதன் முதுகில் ஏறிவந்த சாவுச் செய்தி பொய். தப்லீக் விஷயத்திலும் இதே கதைதான்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படிப்புக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன். அந்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பியவர் யார்? கூடவே ஷிப்ட் பார்த்தவர், அவசரத்துக்குக் கைமாற்று கொடுத்தவர், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர். வீடியோ பொய் என்றால் அவரும் பொய்யர் என்றாகிவிடும். நீங்கள் அனுப்பும் கட்டுரையை எழுதியவர் யாரென்றே அப்பாவுக்குத் தெரியாது. பல கை மாறி வந்த செய்தி என்று காட்டத்தான் வாட்ஸப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. நம் அப்பாக்களுக்கு அது ஐஎஸ்ஐ முத்திரை.

2018இல் பழவேற்காட்டில் ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அப்போது நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வருகிறவர்கள் குழந்தையைத் தூக்குவார்கள், பிறகு திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். திருப்பி விடும் பகுதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். அதில் மதம் எதுவும் இல்லை. அதை அனுப்பியவர்களும் தெரிந்தவர்கள்தான், நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள்.

அதனால் ஐந்தாவது கட்டுரையை அனுப்பாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. அப்பாவைக் காணவில்லை என்று பாய் விசாரித்திருக்கிறார், நீங்கள் மழுப்பிவிட்டு வந்திருக்கிறீர்கள். பாய் கேட்டதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னீர்களா?